தேவனாம்பட்டினத்து ஓட்டு டெல்லியில் என்ன செய்கிறது?

*ஒரே கடற்கரை, இரண்டு மக்களவைத் தொகுதிகள். கோட்டைப் போட்டது யார்? எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கும் முறை யாருக்குச் சாதகம்? தேர்ந்தெடுத்த பிறகு அவரைக் கொண்டு மக்கள் என்ன செய்துகொள்ள முடியும்?*

கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்து மீனவர் ஏறிப் போகும் விசைப்படகு, கரையில் இருந்து 12 கடல் மைல் தாண்டியதும் வேறோர் அவையின் அதிகாரத்துக்குள் நுழைகிறது. தண்ணீரில் அதற்கு அடையாளம் எதுவும் கிடையாது. அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில்தான் அந்தக் கோடு இருக்கிறது. மீன்வளம் மாநிலப் பட்டியலில் 21வது பதிவு. கரைக்கடலுக்கு அப்பால் நடக்கும் மீன்பிடிப்பு மத்தியப் பட்டியலில் 57வது பதிவு. முன்னதற்குச் சட்டம் எழுதுவது சென்னை. பின்னதற்குச் சட்டம் எழுதுவது டெல்லி.

இந்தக் கோடு எவ்வளவு பெரிய விஷயம் என்பது மீன் கூட்டத்தை வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடி வலை பற்றிய தகராறில் தெரிந்தது. வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களுமாகக் கடலூர் மாவட்டத்துக் கடற்கரை ஊர்கள் ஆண்டுக்கணக்கில் பிரிந்து நின்றன. தமிழக அரசு தடை போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 ஜனவரியில் நீதிமன்றம் இடைக்காலமாக ஒரு வழி சொன்னது: 12 கடல் மைலுக்கு உள்ளே கூடாது, அதற்கு அப்பால் திங்கள், வியாழன் ஆகிய இரண்டு நாள் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை, நிபந்தனைகளோடு பிடிக்கலாம். கரையில் பேசித் தீராத விவகாரம், எந்தக் கடல் எந்த அரசுக்கு என்ற கேள்வியில் போய் நின்றது.

ஆக, இந்த ஊரில் ஒரு குடும்பத்தின் பிழைப்பு பாதி சட்டமன்றத்தின் கையில், பாதி நாடாளுமன்றத்தின் கையில். இருந்தும் எம்.எல்.ஏ. தேர்தல் வந்தால் தெருவுக்குத் தெரு பேச்சு நடக்கும், எம்.பி. தேர்தல் வந்தால் பிரதமர் யார் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நாம் அனுப்பும் ஆள் அங்கே போய் என்ன செய்யலாம், அவரிடம் எதைக் கேட்டு வாங்கலாம் என்பது மேடையிலும் வருவதில்லை, டீக்கடையிலும் வருவதில்லை. அந்த அறியாமையின் செலவைச் சுமப்பது கரையோர மக்கள்தான்.

குண்டு விழுந்த தூரம் வரை

தேவனாம்பட்டினத்துக்கு எல்லைக்கோடு புதிதல்ல. 1690ல் செஞ்சியில் இருந்த மராட்டிய மன்னர் ராஜாராமிடம் இருந்து ஆங்கிலேயக் கம்பெனி இங்கிருந்த கோட்டையை விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம்? பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவும் என்பது ஒப்பந்தம். குண்டுகள் நாலாபக்கமும் பாய்ந்தன. உள்ளே வந்த ஊர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்ற பெயரே நிலைத்தது. அந்தக் கோட்டைதான் புனித டேவிட் கோட்டை. 1746ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது, 1752 வரை சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடமாக இருந்ததும் இதுவே. எந்த ஊர் யாருடையது என்று முடிவானபோது, அந்த ஊர்களில் குடியிருந்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்று கோட்டைப் போடுவது தொகுதி மறுவரையறை ஆணையம். இப்போதுள்ள எல்லைகள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் வரைந்தவை. 2008ல் நடைமுறைக்கு வந்தன. அதன்படி கடலூர் மக்களவைத் தொகுதியில் கடலூர், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம், திட்டக்குடி ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள். சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் ஆகிய மூன்றும் கடலூர் மாவட்டம். அரியலூர், ஜெயங்கொண்டம் அரியலூர் மாவட்டம். குன்னம் பெரம்பலூர் மாவட்டம். தொகுதியின் பெயர் சிதம்பரம். 2024ல் வேட்புமனு வாங்கியது அரியலூர் ஆட்சியர் அலுவலகம்.

கடற்கரை என்ன ஆயிற்று என்று பாருங்கள். தேவனாம்பட்டினம் கடலூர் எம்.பி.க்கு. அதே கரையில் தெற்கே போனால் கிள்ளையும் பிச்சாவரமும் சிதம்பரம் எம்.பி.க்கு. கடலூர் எம்.பி.க்குக் கடல் ஒரு ஓரம். நெய்வேலி நிலக்கரியும் பண்ருட்டி முந்திரியும் திட்டக்குடி வயலும் மீதி. சிதம்பரம் எம்.பி.க்கோ கிள்ளைக் கடலும் அரியலூர் சுண்ணாம்புக்கல்லும் ஒரே பையில். மீனவர்கள் கரை நெடுக நீளமாக வாழ்கிறார்கள். தொகுதிகளோ கரையில் தொடங்கி உள்நாட்டுக்குள் அகலமாகப் போகின்றன. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள தமிழ்நாட்டில், எந்த மக்களவைத் தொகுதியிலும் மீனவர் ஓட்டு மட்டும் ஒருவரை ஜெயிக்க வைக்கும் அளவுக்குச் சேராமல் போவதற்கு இதுதான் காரணம். யாரும் சதி செய்யவில்லை. தேர்தல் முறையின் கணக்கே அப்படி.

இரண்டு ஓட்டு, இரண்டு எம்.பி.

அந்தக் கணக்கு எல்லாக் காலத்திலும் இப்படியே இருந்துவிடவில்லை. 1952ல், வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு என்று நடந்த முதல் பொதுத்தேர்தலில், கடலூர் ஓர் இரட்டை உறுப்பினர் தொகுதி. அப்போது மக்களவைக்குத் தேர்தல் நடந்த இடங்கள் 489; தொகுதிகள் 401 மட்டுமே. 86 தொகுதிகள் தலா இரண்டு பேரை அனுப்பின. அவற்றில் ஓர் இடம் பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கப்பட்டது, மற்றது பொது.

அன்றைய வாக்குச்சாவடி இன்று இருப்பதுபோல இல்லை. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி; பெட்டியில் சின்னம் ஒட்டியிருக்கும். வாக்குச்சீட்டில் முத்திரை குத்த வேண்டியதில்லை, வேண்டிய பெட்டியில் போட்டால் போதும். கடலூர் வாக்காளர் கையில் இரண்டு சீட்டு. இரண்டையும் ஒரே ஆளுக்குப் போடக்கூடாது. எண்ணும்போது, பட்டியல் சாதி வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவருக்கு ஒதுக்கீட்டு இடம். அவர் போக, மீதியுள்ள எல்லாரிலும் முதலில் நிற்பவருக்குப் பொது இடம்.

கடலூரில் ஜெயித்த இருவர்: காங்கிரசின் எல்.இளையபெருமாள், தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியின் கோவிந்தசாமி கச்சிராயர். இந்த ஜோடியே ஒரு பாடம். எஸ்.எஸ்.ராமசாமிப் படையாட்சியார் தொடங்கிய உழைப்பாளர் கட்சிக்குப் பலம், தென்னாற்காட்டில் செறிந்து வாழும் வன்னியர் மக்கள். மாநிலம் முழுக்கப் பரவாத கட்சி, அந்தத் தேர்தலில் 19 சட்டமன்ற இடங்களையும் நான்கு மக்களவை இடங்களையும் பிடித்தது. 1954ல் காமராசர் அமைச்சரவையில் படையாட்சியார் அமைச்சரானார். ஒரே இடத்தில் செறிந்து வாழும் சமூகத்துக்குத் தொகுதி முறை கதவைத் திறக்கும். ஊருக்கு ஒரு சேரியாகச் சிதறிக் கிடந்த தலித் மக்களுக்கு அதே முறை கதவைச் சாத்திவிடும் என்பதால்தான் ஒதுக்கீடு வந்தது.

இரட்டை உறுப்பினர் முறையில் இன்னொரு வாய்ப்பும் இருந்தது. ஒதுக்கீட்டுப் பிரிவு வேட்பாளர் பொது இடத்தையும் வெல்லலாம். 1957ல் ஆந்திராவின் பார்வதிபுரத்தில் இரண்டு இடங்களையும் பழங்குடியினரே வென்றார்கள். தோற்றவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி.கிரி. வழக்குப் போட்டார், உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார். 1961ல் இரட்டை உறுப்பினர் தொகுதிகளையே நாடாளுமன்றம் சட்டம் போட்டு ஒழித்தது. அதன் பிறகு ஒரு தொகுதிக்கு ஒரே உறுப்பினர். ஒதுக்கீடு என்றால் தொகுதி முழுக்க ஒதுக்கீடு. தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளில் ஏழு இன்று பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை. சிதம்பரம் அவற்றில் ஒன்று.

ஒரு எம்.பி. என்ன செய்யலாம்?

காட்டுமன்னார்கோயில் பகுதியைச் சேர்ந்த இளையபெருமாள் டெல்லிக்குப் போனபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. 1952ல் கடலூர், 1957ல் சிதம்பரம், 1962ல் திருக்கோவிலூர் என்று மூன்று முறை மக்களவைக்குத் தேர்வானார். 1965ல் மத்திய அரசு, நாடு முழுக்கத் தீண்டாமை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க ஒரு குழு அமைத்து அவரைத் தலைவராக்கியது. குழுவின் அறிக்கை 1969ல் வந்தது. தீண்டாமைக்குச் சட்டத்தில் இருந்த தண்டனை போதாது, கோயிலில் பரம்பரைப் பூசாரி முறை ஒழிய வேண்டும் என்றெல்லாம் அது பேசியது.

அறிக்கை அலமாரியில் தூங்கவில்லை. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976ல் கடுமையாகத் திருத்தப்பட்டு, குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியதற்குப் பின்னால் இந்த அறிக்கை இருந்தது. தமிழ்நாட்டில் கலைஞர் அரசு 1970ல் பரம்பரை அர்ச்சகர் உரிமையை நீக்கச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தபோது காரணமாகக் காட்டியதும் இளையபெருமாள் குழுவைத்தான். கடலூர், சிதம்பரம் வாக்காளர்கள் பெட்டியில் போட்ட சீட்டு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. அவர் பிரதமர் பதவியில் இருந்தவரல்ல. பெரும் பணக்காரரும் அல்ல. கிடைத்த இடத்தை முழுசாகப் பயன்படுத்தினார்.

3,219 ஓட்டு

இப்போது ஓட்டு எண்ணும் இடத்துக்கு வருவோம். 2024ல் கடலூர் தொகுதியின் ஓட்டு எண்ணப்பட்டது தேவனாம்பட்டினத்திலேயேதான், பெரியார் அரசு கலைக் கல்லூரியில். காலை 8 மணிக்கு முதலில் தபால் ஓட்டு. அரை மணி நேரம் கழித்து மின்னணு இயந்திரங்கள். சட்டமன்றத் தொகுதிவாரியாகத் தனித்தனிக் கூடம், கூடத்தில் மேசைகள், கம்பி வலைக்கு இந்தப் பக்கம் ஏஜென்டுகள். அவர்கள் கையில் 17சி படிவத்தின் நகல் இருக்கும். வாக்குப்பதிவு முடிந்த மாலையில், இந்த பூத்தில் மொத்தம் இத்தனை ஓட்டு விழுந்தது என்று எழுதி வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் கையெழுத்திட்டுக் கொடுத்த தாள் அது. இயந்திரம் காட்டும் மொத்தமும் தாளில் உள்ள மொத்தமும் ஒத்துப்போக வேண்டும். ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் குலுக்கலில் ஐந்து பூத்தைத் தேர்ந்தெடுத்து, விவிபேட் காகிதச் சீட்டுகளையும் எண்ணிச் சரிபார்ப்பார்கள். ஒரு மக்களவைத் தொகுதிக்கு முப்பது பூத்.

தேர்தல் நாள் கடற்கரைக்கு எப்படி வந்து அமைகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 2009, 2014, 2019, 2024 ஆகிய நான்கு மக்களவைத் தேர்தல்களிலும் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவும் சரி, எண்ணிக்கையும் சரி, விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலத்தில்தான் நடந்தன. இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. படகு கரையில், ஆள் ஊரில், கையில் வருமானம் இல்லை. கடற்கரை தன் குறைகளை உட்கார்ந்து பேச நேரம் உள்ள நாட்களில்தான் ஓட்டுக் கேட்டு ஆள் வருகிறார். அந்த நேரத்தை நிவாரணத் தொகை பற்றிய வாக்குறுதியோடு விட்டுவிடுவது பெரிய நஷ்டம்.

நம் முறையில் யார் முதலில் வருகிறாரோ அவரே வெற்றி. பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. 2024ல் கடலூரில் காங்கிரசின் எம்.கே.விஷ்ணு பிரசாத் 4,55,053 ஓட்டு வாங்கி, 1,85,896 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். வித்தியாசம் பெரியது, ஆனாலும் பதிவான ஓட்டில் பாதிக்கு மேல் மற்ற வேட்பாளர்களுக்கே விழுந்தது. 2019ல் சிதம்பரத்தில் நடந்தது இதன் மறுபக்கம். தொல்.திருமாவளவன் 5,00,229; அ.தி.மு.க.வின் பொ.சந்திரசேகர் 4,97,010. வித்தியாசம் 3,219. ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்கும் பிரித்தால் சராசரி 540கூட வராது. அந்த ஆண்டு ஒரு நடுத்தர மீனவ ஊர் முழுக்கப் பக்கம் மாறியிருந்தால் சிதம்பரத்தின் எம்.பி. வேறு ஆள். 2024ல் அதே திருமாவளவனின் வித்தியாசம் 1,03,554. சில தேர்தலில் கடற்கரை ஓட்டே தீர்ப்பு எழுதும்; சில தேர்தலில் அது இல்லாமலே முடிவு வந்துவிடும். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை விழும் ஓட்டை மட்டும் நம்பி ஒரு சிறு சமூகம் இருக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

வேறு முறைகளும் உலகில் உண்டு. இலங்கையில் 225 உறுப்பினர்களில் 196 பேர் மாவட்டவாரியாக, கட்சிகள் வாங்கிய ஓட்டு விகிதத்தில் தேர்வாகிறார்கள். 29 பேர் தேசியப் பட்டியலில் வருகிறார்கள். கட்சிக்கு ஓட்டுப் போட்டு, அந்தக் கட்சிக்குள் மூன்று பேர் வரை விருப்பு வாக்கும் போடலாம். 2024 நவம்பர் தேர்தலில் யாழ்ப்பாணத்தின் ஆறு இடங்கள் நான்கு தரப்புக்குப் பிரிந்தன. மாவட்டம் முழுக்கச் சிதறிய ஓட்டும் அங்கே ஒன்று சேரும். அந்த முறைக்கும் குறைகள் உண்டு: உறுப்பினர் இன்ன ஊருக்குப் பொறுப்பு என்று விரல் நீட்ட முடியாது. நமக்கு இருப்பது விரல் நீட்ட முடிகிற முறை. அப்படியானால் நீட்டியாக வேண்டும்.

ஓட்டு கட்சியுடையது, கேள்வி தொகுதியுடையது

நாடாளுமன்றம் என்பது மூன்று அங்கம்: குடியரசுத் தலைவர், மக்களவை, மாநிலங்களவை. மக்களவையில் 543 இடங்கள். மாநிலங்களவையில் 245, அவற்றில் 12 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். தமிழ்நாட்டின் 18 மாநிலங்களவை உறுப்பினர்களை எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆறு ஆண்டில் மூன்று முறையாக, ஆறு ஆறு பேர் ஓய்வு பெறுவார்கள். ஆறு இடங்களுக்குத் தேர்தல் என்றால், 234 எம்.எல்.ஏ.க்களில் 34 பேரின் முதல் விருப்பு ஓட்டு கிடைத்தால் ஒருவர் வெற்றி. ஆகவே தேவனாம்பட்டினம் தன் எம்.எல்.ஏ. வழியாக டெல்லியின் இரண்டாவது அவையிலும் ஒரு கை வைத்திருக்கிறது.

மசோதா மீது ஓட்டெடுப்பு என்று வந்தால் எம்.பி.யின் கை பெரும்பாலும் கட்டப்பட்ட கைதான். 1985ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகலாம். ஆகவே அவையில் எம்.பி.யின் ஓட்டு கட்சியுடையது. கேள்வி அப்படியல்ல. கேள்வி கேட்க எந்தக் கொறடாவின் அனுமதியும் வேண்டாம். அது தொகுதியின் சொத்து.

மக்களவை கூடும் நாளில் காலை 11 மணிக்குக் கேள்வி நேரம். ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் கேள்விகள். அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். அது போக 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில். பதினைந்து நாள் முன்பு நோட்டீஸ் கொடுத்தால் போதும். மீன்வளம், கால்நடை பராமரிப்பு, பால்வளம் மூன்றுக்குமாக 2019 முதல் ஓர் அமைச்சகமே இருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்கீழ் எந்தத் திட்டத்துக்கு அனுமதி தரப்பட்டது, நெய்வேலி நிறுவனம் நிலம் எடுத்த குடும்பங்களுக்கு எத்தனை வேலை கொடுத்தது, 12 கடல் மைலுக்கு அப்பால் சுருக்குமடிக்கு நிரந்தர விதி எப்போது வரும் — இவற்றுக்கெல்லாம் மத்திய அமைச்சர் எழுத்தில் பதில் தர வேண்டும். அந்தப் பதில் தவறு என்று தெரிந்தால் அதை வைத்தே அடுத்த கதவைத் தட்டலாம்.

கேள்விக்கு அடுத்த கருவி, நிலைக்குழு. அமைச்சகங்களைப் பிரித்துக் கண்காணிக்க 24 குழுக்கள். ஒவ்வொன்றிலும் மக்களவையில் இருந்து 21 பேர், மாநிலங்களவையில் இருந்து 10 பேர். கேமரா இல்லாத அறையில் நடப்பதால் கட்சிச் சண்டை அங்கே குறைவு. அதிகாரிகளை உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறார்கள். மசோதா ஒன்று குழுவுக்குப் போனால் பொதுமக்களிடமும் கருத்துக் கேட்பது வழக்கம். வருத்தம் என்னவென்றால், 15வது மக்களவைக் காலத்தில் பத்தில் ஏழு மசோதாக்கள் குழுவுக்குப் போயின; 17வது மக்களவையில் ஆறில் ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. குழுவுக்குப் போகாத மசோதாவில் குப்பத்தின் குரலுக்கு நுழைய வழியே இல்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் தனிநபர் மசோதாவுக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு சட்டமானவை 14 மட்டுமே, கடைசியாக 1970ல். ஆனாலும் அது வீண் வேலை அல்ல. திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை 2015 ஏப்ரலில் மாநிலங்களவை நிறைவேற்றியது. அதன் பிறகு அரசே அந்தப் பொருளில் சட்டம் கொண்டுவர வேண்டிவந்தது.

தொகுதி மேம்பாட்டு நிதி பற்றித்தான் ஊரில் அதிகம் பேச்சு. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய், எம்.பி. பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் செய்யும். ஆறு சட்டமன்றத் தொகுதிக்குப் பிரித்தால் தலா 83 லட்சம் சொச்சம். பேருந்து நிழற்குடைக்கும் உயர்கோபுர விளக்குக்கும் அது சரி. அதை வைத்து மட்டும் எம்.பி.யை எடைபோடுவது, வக்கீலை அவர் வாங்கித் தந்த டீயை வைத்து எடைபோடுவது மாதிரி.

சுனாமிக்குப் பின் ஒரு சட்டம்

நாடாளுமன்றம் இந்தக் கரையைத் தொட்டதற்கு நேரடி உதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மிகக் கடுமையாக அடிபட்ட ஊர்களில் தேவனாம்பட்டினமும் ஒன்று. பேரிடர் வந்தால் யார் உத்தரவிட வேண்டும், யார் செலவழிக்க வேண்டும் என்று சொல்லும் தேசியச் சட்டமே அன்று இல்லை. ஓராண்டு நிறைவுக்குச் சில நாள் முன்பு, 2005 டிசம்பர் 23 அன்று, பேரிடர் மேலாண்மைச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். தேசிய, மாநில, மாவட்ட அளவில் ஆணையங்கள் அமைந்தன. பின்னாளில் தானே புயல் வந்தபோதும் கொரோனா வந்தபோதும் மாவட்ட நிர்வாகம் கையில் எடுத்தது அந்தச் சட்டத்தைத்தான்.

சட்டம் வராமல் தடுத்ததற்கும் உதாரணம் உண்டு. இந்தியக் கடல் மீன்வள மசோதா 2021 மழைக்காலக் கூட்டத்தொடருக்கான பட்டியலில் இடம்பெற்றது. 12 கடல் மைலுக்கு அப்பால் மீன்பிடிக்க மத்திய அரசின் உரிமம், மீறினால் அபராதம் என்ற பிரிவுகளைக் கண்டு கரையோரம் கொதித்தது. முதல்வர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதினார். மசோதா அந்தக் கூட்டத்தொடரில் அறிமுகமாகவே இல்லை. மீனவர் ஓட்டு எந்தத் தொகுதியிலும் பெரும்பான்மை இல்லை என்ற குறையை, மசோதா வருமுன்னே கரை முழுக்க எழுந்த ஒரே குரல் ஈடுகட்டியது.

அடுத்த கோடு

இனி வரப்போகும் கோடு இன்னும் பெரியது. தமிழ்நாட்டுக்கு 1962ல் 41 மக்களவை இடங்கள். 1967ல் 39 ஆனது. மாநிலங்களுக்கு இடையிலான பங்கு 1971 மக்கள்தொகைக் கணக்கில் நிறுத்தப்பட்டது. 1976ல் 42வது திருத்தம் 2001 வரை நிறுத்தியது. 2001ல் 84வது திருத்தம், 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் அதற்காகவே பலம் இழக்கக் கூடாது என்பதுதான் அதன் நியாயம். 2023ல் திறக்கப்பட்ட புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் மக்களவைக் கூடத்தில் 888 இருக்கைகள். எண்ணிக்கை கூடும்போது தமிழ்நாட்டின் விகிதம் குறையக் கூடாது என்று 2024ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது; 2025 மார்ச்சில் பல மாநிலத் தலைவர்கள் சென்னையில் கூடினார்கள்.

இந்தக் கவலை நியாயமானது. அதே மூச்சில் இன்னொன்றும் கேட்க வேண்டும். மாநிலத்துக்குள் கோடு போடும்போது கடற்கரை என்ன ஆகும்? மறுவரையறை ஆணையம் வரைவை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும், பொது அமர்வும் நடத்தும். இறுதி ஆணை வந்துவிட்டால் நாடாளுமன்றமே அதில் ஒரு வரியைத் திருத்த முடியாது. பேச வேண்டியது வரைவுக் கட்டத்தில்தான். கரையோர ஊர்களை முடிந்த அளவு ஒரே தொகுதிக்குள் சேருங்கள் என்று கேட்க மீனவ ஊர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

பெண்களுக்கும் அப்படித்தான். 1952 முதல் கடலூர் தொகுதியோ சிதம்பரம் தொகுதியோ ஒரு பெண்ணைக்கூட மக்களவைக்கு அனுப்பியதில்லை. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் மயிலாடுதுறை 2024ல் ஆர்.சுதாவை அனுப்பியது. 2023ல் நிறைவேறிய 106வது திருத்தம் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்குகிறது. புதிய கணக்கெடுப்பும் மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறை என்று அந்தச் சட்டம் வைத்தது. கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்று வீட்டை நடத்தும் பெண்கள் நிறைந்த கரை இது. அவர்களில் ஒருவர் வேட்பாளராக வருவதற்குச் சட்டத்துக்காகக் கட்சிகள் காத்திருக்கத் தேவையில்லை.

பதினைந்து நாள் போதும்

இதையெல்லாம் தெரிந்துகொண்டு என்ன செய்வது? முதலில், கேள்வியை எம்.பி.யே யோசித்து எழுதட்டும் என்று விடக்கூடாது. ஊர்ப் பஞ்சாயத்தும் மீனவர் கூட்டுறவுச் சங்கமும் கூடி, ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் முன்பு ஐந்து கேள்வி எழுதி இரண்டு எம்.பி.க்களிடமும் கொடுக்கலாம். பட்ஜெட், மழைக்காலம், குளிர்காலம் என்று ஆண்டுக்கு மூன்று கூட்டத்தொடர். கரை இரண்டாகப் பிரிந்ததில் ஒரு நன்மை உண்டு: இந்தக் கரைக்கு இரண்டு எம்.பி. ஒருவர் கேட்காவிட்டால் இன்னொருவர் கேட்கட்டும். இரண்டாவது, மக்களவைக்குப் பொதுமக்கள் நேரடியாக மனு கொடுக்கலாம், ஓர் எம்.பி. மேலொப்பம் இட்டால் அது அவையில் வைக்கப்பட்டு மனுக்கள் குழுவின் பார்வைக்குப் போகும். இந்த வழியை நம்மில் எத்தனை பேர் பயன்படுத்தியிருக்கிறோம்?

மூன்றாவது, கணக்கு வைப்பது. எம்.பி. கேட்ட கேள்விகளும் அமைச்சர் சொன்ன பதில்களும் மக்களவை இணையதளத்தில் எல்லாருக்கும் திறந்தே கிடக்கின்றன. ஓட்டு எண்ணும் கல்லூரியின் மாணவர்களே அதை எடுத்து, தமிழில் எழுதி, ஏலம் நடக்கும் இடத்தில் மாதா மாதம் ஒட்டலாம். செலவு ஒரு ஜெராக்ஸ் பணம். யார் வாய் திறந்தார், யார் திறக்கவில்லை என்று ஊர் படிக்கிறது என்று தெரிந்தால் எந்தக் கட்சி எம்.பி.யும் அடுத்த கூட்டத்தொடருக்கு வெறுங்கையோடு போக மாட்டார்.

ஓட்டுப் போட ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். கேள்வி கேட்க வைக்க ஒரு கடிதமும் பதினைந்து நாளும் போதும். தேவனாம்பட்டினம் அந்தக் கடிதத்தை இந்தக் கூட்டத்தொடருக்கே எழுதட்டும்.